இருபத்து மூன்று குழிகள்

மூன்றாவது குழியிலேயே செல்வாம்பாள் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டாள். மேஸ்திரி கலியபெருமாள் சொல்லியிருந்தது ஒன்றரை முழம்தான். கடற்கரை மணலில் கல் நிற்காது. அதனால் தோட்டக் கட்டத்தின் புள்ளிக்கு ஒரு குழி, குழி நிறையச் செம்மண், அதன்மேல் வட்டமாக ஒரு பலகைக்கல் என்று கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் ஒன்றரை முழத்தில் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டபோது இவள் மட்டும் உள்ளே நின்று மண்ணை வாரி வெளியே வீசிக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா செல்வாம்பா, கெணறு எடுக்கறியா? தண்ணி வந்தா மொதக் கொடம் எனக்கு."

"மணலு சரியுது மேஸ்திரி. ஆழமா எடுத்தாத்தான் கல்லு நிக்கும்" என்றாள் நிமிராமல்.

ஆழமாக எடுத்தால் மணல் இன்னும் அதிகமாகத்தான் சரியும் என்பது கலியபெருமாளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் இரண்டு ஆள் வேலையை ஒருத்தி செய்யும்போது அவருக்கென்ன வலித்தது. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். செல்வாம்பாள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே குழியின் அடியைத் துழாவினாள். ஈரமணல், சிப்பி, சவுக்கு வேர். வேறொன்றும் இல்லை. பிறகுதான் மேலே ஏறினாள்.

முத்தியால்பேட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டி, புதிதாக ஒரு கல்லூரி வந்திருந்தது. அதன் நடுமுற்றத்தில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் ஒன்றைத் தோட்டமாகவே போட வேண்டும் என்பது கணக்குப் பேராசிரியர் சுப்பிரமணியனின் ஆசை. உச்சியில் ஒரு புள்ளி, அதிலிருந்து கூரை சரிவது போல இறங்கும் நான்கு கோடுகள், குறுக்கே ஓடும் கோடுகள், எல்லாம் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இருபத்து மூன்று. கோடுகளுக்குச் செங்கல் பதித்து, இடையில் புல் வளர்த்து, காய்களுக்குப் பதிலாகப் பூந்தொட்டிகள். புலிக்கு மூன்று தொட்டியில் சப்பாத்திக்கள்ளி, ஆட்டுக்குப் பதினைந்து தொட்டியில் வெள்ளை நித்தியகல்யாணி. அந்தச் செடியைச் சுடுகாட்டு மல்லி என்றுதான் தோட்டத்து ஆட்கள் சொல்வார்கள். பேராசிரியர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் அவர் கோடு போட்ட அழகைப் பார்த்து, கூட மண் சுமந்த சின்னப்பொண்ணு, "கண்ணாலத்துக்குக் கோலம் போடறாரு பாரு" என்று சிரித்தாள்.

செல்வாம்பாள் அந்த வேலைக்கு வந்தது தோட்டத்துக்காக அல்ல, மண்ணுக்காக. கல்லூரி நின்ற இடம் முழுவதும் ஒரு காலத்தில் தெய்வசிகாமணியின் சவுக்குத் தோப்பு. பிரெஞ்சுக்காரன் ஆண்டபோது அவர் பக்கத்துக் கொம்யூன் ஒன்றுக்கு மேராக இருந்தவர். மேர் என்றால் ஊர்த்தலைவர்தான். ஆனால் போலீசும் அவர் வீட்டு வாசலில் வந்து, ஐயா என்பதற்குப் பதிலாக 'முசே' என்று கூப்பிட்டுக் கைகட்டி நிற்கும். பெரிய மனசு பண்ணித் தோப்பைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஊரே பேசிக்கொண்டது. அந்தச் செய்தி காதில் விழுந்த மறுநாள் காலை செல்வாம்பாள் மில் வேலையை விட்டுவிட்டுக் கலியபெருமாளிடம் போய் வேலை கேட்டாள்.

எட்டு வருஷத்துக்கு முன், ஐம்பத்து நாலாம் வருஷம் தை மாதம் காணும் பொங்கலன்று, அவள் தம்பி அம்மாவாசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மில்லில் நூற்புக் காதாவில், அதாவது நூல் நூற்கும் பிரிவில், வேலை. இந்தியாவோடு சேர வேண்டும் என்று சுவரில் நோட்டீசு ஒட்டும் கூட்டத்தில் அவனும் ஒருவன். பட்டப்பகல் பன்னிரண்டு மணி. தடியோடு பதினைந்து இருபது பேர் தெருவில் இறங்கினார்கள். தெருக்கோடியில் கார் நின்றது. அதில் தெய்வசிகாமணி கோட்டும் தொப்பியுமாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கவே இல்லை. குறுக்கே விழுந்தவர்களுக்கெல்லாம் அடி. அம்மாவாசையை எச்சில் கையோடு இழுத்துப்போய் வேனில் போட்டார்கள். அப்போதே அவன் தலை தொங்கிவிட்டது. வேன் வடக்கே சவுக்குத் தோப்புப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பார்த்தேன் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

போலீஸ் கொமிசாரியாவில் போய்க் கேட்டபோது, உன் தம்பி எல்லை தாண்டி இந்தியப் பக்கம் ஓடிவிட்டான், கேஸ் இல்லை, என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போது அது நம்பக்கூடிய பேச்சுதான். அன்றாடம் பத்துப்பேர் அப்படி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா அதை நம்பிவிட்டாள். ஐப்பசியில் பிரெஞ்சுக்கொடி இறங்கியது, சுங்கச்சாவடிகளைப் பிரித்தார்கள், ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராக மாலையோடு ஊர் திரும்பினார்கள். எல்லையே இல்லாமல் போன பிறகும் அம்மாவாசை மட்டும் வரவில்லை. அம்மா தெருவைப் பார்த்தபடியே அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமாதி செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தெய்வசிகாமணி அந்த ஐப்பசிக்குள்ளேயே கோட்டைக் கழற்றிக் கதர்த்துண்டுக்கு மாறி, ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தார்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று செல்வாம்பாள் நினைக்காத நாளில்லை. சோறு வடிக்கும்போதும், மில்லில் அறுந்த நூலை முடியும்போதும், அவர் எப்படியெல்லாம் சாகலாம் என்று நினைத்துப் பார்ப்பாள். அந்த நினைப்பு அவளைப் பட்டினி கிடக்க விடாமல் பார்த்துக்கொண்டது. ஆனால் அதற்கும் அடியில் ஒரு கேள்வி இருந்தது. தம்பியை எங்கே வைத்தார்கள்? அது தெரியாமல் அவர் செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வாள். அவர் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அவரைப் பெற்றவள் கூட அப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

பதினேழாவது குழியில் எலும்பு கிடைத்தது. வேர்களுக்கிடையில் வெள்ளையாக ஒரு தாடை. செல்வாம்பாள் அதை இரண்டு கையிலும் ஏந்திக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் தலை தெரியவில்லையே என்று காத்தவராயன் வந்து பார்த்தான். அம்மாவாசையோடு ஒரே காதாவில் வேலை பார்த்தவன். அம்மாவாசையை இழுத்துப்போன அன்று குறுக்கே விழுந்து முறிந்த இடதுகை கோணலாகவே கூடிவிட்டதால் மில்லில் வேலை போய் இப்போது மண் சுமக்கிறான். அவன் குழியில் இறங்கி அந்தத் தாடையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"யக்கா, இது நாயிது. பல்லைப் பாரு."

அவள் பல்லைப் பார்த்தாள். தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு ஆழம் எடுத்தாலும் காத்தவராயன் எதுவும் கேட்கவில்லை. கடைசி ஆறு குழிகளை அவனும் கூட இறங்கித் தோண்டினான். இருபத்து மூன்றிலும் எதுவும் இல்லை. செம்மண் போட்டு மூடினார்கள். கல் பதித்தார்கள், இடையிலும் செம்மண் பரப்பிப் புல் நட்டார்கள். ஆடி மாதத்துக்குள் புல் பச்சைப் பசேலென்று பிடித்துவிட்டது. செல்வாம்பாள் அதில் காலை வைக்காமல் செங்கல் கோட்டின்மேலேயே நடந்தாள்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஆட்கள் புதுக்கல்லில் கரியால் சின்னதாகக் கட்டம் போட்டு ஆடுவார்கள். மில்லில் பெண்கள் இடைவேளையில் ஆடிய ஆட்டம்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆட்டைச் சும்மா வைக்கக் கூடாது, பேர் சொல்லி வைக்க வேண்டும். பிடிக்காத மேஸ்திரி, சண்டை போட்ட நாத்தனார், யார் பேர் வேண்டுமானாலும். அந்த ஆடு வெட்டுப்பட்டால் அந்தப் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்துச் சிரிப்பார்கள். ஒருநாள் பேராசிரியர் வேடிக்கை பார்க்க வந்து, தானே புலி எடுத்து உட்கார்ந்தார். மூன்று ஆட்டத்திலும் செல்வாம்பாள் அவரைக் கட்டிப்போட்டாள். மறுநாள் அவர் இரண்டு விரிவுரையாளர்களைக் கூட்டிவந்தார். அவர்களும் தோற்றார்கள். பேர் வைக்கும் வழக்கத்தைக் கேட்டு அவருக்குத் தலைகால் புரியவில்லை. இதை எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்டில் பாரீசிலும் டில்லியிலும் கையெழுத்தெல்லாம் முடிந்து புதுச்சேரி சட்டப்படியே இந்தியாவாகிவிட்டது என்றார்கள். அதைக் கொண்டாடவும் தோட்டத்தைத் திறக்கவும் ஒரே நாளைக் குறித்தார்கள். அச்சடித்த நோட்டீசை ஆட்களிடம் கொடுத்தபோது, படிக்கத் தெரிந்தவள் என்று எல்லாரும் செல்வாம்பாளிடம் நீட்டினார்கள். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் நாலு வருஷம் போயிருக்கிறாள். அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். தோட்டத் திறப்பு. இனிப்பு வழங்கல். பெரிய கட்டத்தில் முதல் ஆட்டம்: புலிப்பக்கம் தெய்வசிகாமணி அவர்கள், ஆட்டுப்பக்கம் தோட்டப் பணியாளர் செல்வாம்பாள், ஆடுகளுக்குப் பெயர் சூட்டும் பழைய வழக்கப்படி. தெய்வசிகாமணி பெயருக்கு முன்னால் 'விடுதலைக்குத் துணைநின்ற வள்ளல்' என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியை அவள் வாசிக்கவில்லை.

"நான் சொல்லித்தான் அவர் ஒத்துக்கிட்டார், செல்வாம்பாள் அம்மா" என்றார் பேராசிரியர் பெருமையாக. "புலி ஆடறதுல அவரை அடிச்சுக்க இந்த ஊர்லயே ஆள் இல்லையாம். அந்தக் காலத்துல துரைமாரையெல்லாம் தோற்கடிச்சிருக்காராம். நீங்க பயப்பட வேண்டாம். தோத்தாலும் பரவாயில்லை."

"தோக்கறதுக்கு இன்னா இருக்குது சாரு" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கரித்துண்டை எடுத்துத் தரையில் கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திறப்பு நாள் வரை அதுதான் வேலை. ஜெயிப்பது அவளுக்கு முக்கியமில்லை. கடைசி ஆட்டை எங்கே வைப்பது என்பதுதான். அந்த ஆட்டை வெட்டினால் ஒழிய அவர் புலிக்கு வழி இருக்கக் கூடாது. அதற்கு என்ன பேர் என்று ஊர் கேட்க வேண்டும். அந்தப் பேரைக் கேட்டதும் அவர் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கை நடுங்கி நிற்பதை அவள் பார்க்க வேண்டும். அந்த நடுக்கத்தில்தான் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்.

திறப்பு நாளன்று முத்தியால்பேட்டையே வந்திருந்தது. கட்டத்தின் உச்சிப் பக்கம் பந்தலில் தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயதுக்கு நல்ல உடம்பு. வெள்ளை ஜிப்பா, விசிறி மடிப்புத் துண்டு. புலித் தொட்டிகளைத் தூக்கி வைக்கக் கல்லூரிப் பியூன்கள். ஆட்டுத் தொட்டிகளுக்குக் காத்தவராயனும் தோட்டத்து ஆட்களும். செல்வாம்பாள் கீழ்ப்பக்கம் நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. எட்டு வருஷம் அவள் நெஞ்சில் குடியிருந்த மனுஷனுக்கு அவளைத் தெரியவில்லை என்பது அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

"அலோர், ஆரம்பிக்கலாமா?" என்று பழைய பிரெஞ்சு வழக்கத்தில் கேட்டுவிட்டு, "வெட்டு வாங்கினா அழக்கூடாதும்மா" என்றார். கூட்டம் சிரித்தது.

முதல் ஆட்டை அவள் மில் சங்கு என்று சொல்லி வைத்தாள். இரண்டாவது கேட்டு வாட்ச்மேன். மூன்றாவது, தீனி போட்டாலும் முட்டுகிற மேஸ்திரி என்றபோது கலியபெருமாளே கையைத் தட்டினார். தெய்வசிகாமணி சங்கை வெட்டினார். இனிமேல் காலையில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவர் சொன்னதற்கு மாணவர்கள் விசிலடித்தார்கள். தோட்டத்து ஆட்கள் அந்தத் தொட்டியை ஒப்பாரி வைத்தபடி தூக்கிக்கொண்டு போய் அவர் நாற்காலிக்கருகே இறக்கினார்கள். வாட்ச்மேனையும் வெட்டினார். அதற்கும் ஒப்பாரி. எட்டு ஆடு வரை இப்படித்தான் போயிற்று.

ஒன்பதாவது தொட்டியை வைக்கச் சொல்லி, "தையல்நாயகி" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மாணவர்கள் அடுத்த வேடிக்கைக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் மணலில் உட்கார்ந்திருந்த தெருக்காரர்களில் சிலர் நிமிர்ந்தார்கள். தையல்நாயகி அன்று அம்மாவாசையின் மேல் விழுந்து மறைத்தவள். ஒரு கண் போய்விட்டது. பத்தாவதும் அன்று அடிபட்ட தெருக்காரர் பேர்தான். பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொரு பேரையும் அவள் ஒரே குரலில், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போலச் சொன்னாள். பதின்மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவன் காத்தவராயன். அவள் அவன் பேரைச் சொன்னதும், அவன் கோணல் கையால் தொட்டியை அணைத்தபடி தானே நடந்துபோய்க் கல்லில் வைத்துவிட்டு வந்தான். விசில் சத்தம் அடங்கிவிட்டது. தெய்வசிகாமணி பேராசிரியர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்பதும், அவங்க தெருக்காரங்க பேர் போலிருக்கு என்று இவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஆடினார். நன்றாகவே ஆடினார். ஆனாலும் இரண்டு புலி அசைய முடியாமல் நின்றுவிட்டது.

பதினைந்தாவது தொட்டிக்குக் காலையில் அவளே தண்ணீர் ஊற்றியிருந்தாள். அதை அவளே தூக்கிப்போய், மூன்றாவது புலியின் முகத்துக்கு நேராக வைத்தாள். பின்னால் ஒரு புள்ளி காலி. வேறு எந்தப் பக்கமும் வழியில்லை.

"அம்மாவாசை. என் தம்பி" என்றாள்.

கடற்காற்றில் பந்தல் துணி அடித்துக்கொண்டது. அவர் அவளைப் பார்த்தார். இப்போது தெரிந்துகொண்டார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எட்டு வருஷம் அவள் காத்திருந்தது இந்த முகத்துக்குத்தான். அதில் ஒரு தசை கூட அசையவில்லை.

"வெட்டு" என்றார்.

பியூன்கள் கள்ளித் தொட்டியைத் தூக்கி அப்பால் வைத்தார்கள். செல்வாம்பாளுக்குக் காது அடைத்துப்போயிற்று. இவ்வளவுதானா? ஒரு மூச்சு கூடத் தடுமாறாமல் சொல்லிவிட முடிகிறதா? கரித்துண்டோடு உட்கார்ந்து போட்ட கணக்கில் இது ஒன்றைத்தான் அவள் போட்டுப் பார்க்கவில்லை. அம்மாவாசையின் பேர் அவரை உலுக்கும் என்று நினைத்தது தன் பைத்தியக்காரத்தனம் என்று பட்டது. வாயில் வைத்திருந்த கேள்வி எச்சிலோடு கீழே இறங்கிவிட்டது.

அப்போதுதான் ஒப்பாரி கேட்கவில்லை என்பதைக் கவனித்தாள். திரும்பிப் பார்த்தாள். காத்தவராயன் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற மூன்று பேரும் நகரவில்லை. தொட்டி கல்லின்மேல் அப்படியே இருந்தது.

"தூக்குங்கப்பா" என்றார் பேராசிரியர். ஒருவரும் அசையவில்லை. கலியபெருமாள் அதட்டினார். காத்தவராயன் அவரைப் பார்க்காமலே சொன்னான்: "நான் தூக்க மாட்டேன் மேஸ்திரி. வேலய விட்டு நிறுத்திக்க."

பியூன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் முத்தியால்பேட்டைக்காரர்கள்தான். பேராசிரியருக்கு வியர்த்துவிட்டது. தானே தூக்கிவிடலாம் என்று வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். செல்வாம்பாளின் வாய் தானாகத் திறந்தது.

"சாரு, நீங்க தொடாதீங்க. வெட்டுனவங்கதான் எடுக்கணும். அதான் ஆட்டம்."

அது உண்மைதான். எந்தக் கட்டத்திலும் அதுதான் முறை; இதுவரை ஆட்கள் தூக்கியது பெரியவருக்குக் காட்டிய மரியாதை. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், ஆமா, அதான் முறை என்றார். இன்னொரு குரலும் சொன்னது. தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே எழுந்தார். நாலு பேர் பார்க்க ஒரு பூந்தொட்டியைத் தூக்குவதில் என்ன குறைந்துவிடப்போகிறது என்பது போலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து வந்தார். குனிந்து இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்தார். ஊறிய மண் கனத்தது. அசைத்துப் பார்த்தார். மார்போடு அணைத்துத்தான் எழ முடிந்தது. எழுந்ததும் ஒரு காலைப் பின்னால் வைத்துச் சமாளித்தார்.

"ஒரு கை புடிம்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

செல்வாம்பாள் அவருக்கு எதிரில் வந்து நின்றாள். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின.

"என் தம்பிய எங்க வெச்சீங்க முசே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் கேட்காதவர் யாரும் இல்லை.

"எல்லை தாண்டிட்டான்னாங்க. எல்லையே போயிடுச்சி. இந்த மண்ணுல இருபத்திமூணு குழி எடுத்துப் பாத்துட்டேன், இல்ல. எங்கன்னு சொல்லிட்டு எடுத்துக்கினு போங்க."

அவர் தொட்டியைக் கீழே வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை என்று பிறகு வெகுநாள் தெருவில் பேசிக்கொண்டார்கள். அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒழுகி ஜிப்பாவில் இறங்கி வேட்டியில் கோடாக வழிந்தது. வெள்ளைப் பூக்கள் அவர் தாடைக்கருகே ஆடின. முழங்கை நடுங்கத் தொடங்கியது. அது பாரத்தினாலும் இருக்கலாம். அவர் அவளைப் பார்க்கவில்லை. பேராசிரியரையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, மதில்சுவருக்கு மேலாகக் கிழக்கே ஒரு தடவை பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் கண் போன பக்கம் செல்வாம்பாள் திரும்பினாள். காத்தவராயன் திரும்பினான். மணலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து திரும்பினார்கள். சுவருக்கு அப்பால் கடல் இருந்தது. சாயங்காலக் காற்றுக்குப் பாய் விரித்து நாலைந்து கட்டுமரங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்தான், குழி எடுக்க மண் இல்லை. தொட்டியை அவர் கையிலிருந்து வாங்க ஒருவரும் முன்னால் வரவில்லை.